பிரேக் வேலை செய்கிறதா, சார்?

உங்கள் இதயத்தின் சொந்த வேகம் எவ்வளவு தெரியுமா? நிமிஷத்துக்கு ஏறக்குறைய 100. வலது மேலறையில் இருக்கும் ஒரு சின்னத் திசுக்கொத்து, யாரையும் கேட்காமல் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். 'நாடி பிடித்தால் எழுபதுதானே வருகிறது?' என்கிறீர்களா? மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு, ராத்திரி பகலாக பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறது!

கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிக்க பிளாட்பாரத்தில் ஓடுகிறீர்கள். முதலில் பிரேக்கிலிருந்து கால் எடுபடும். அப்புறம்தான் ஆக்ஸிலரேட்டர்: சிம்பதெடிக் நரம்புகளும் அட்ரினலினும்.

பிரேக் அறுந்தால்? 2008 செப்டம்பரில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் பறந்தது ஞாபகம் இருக்கும். அதை ஒரு சிறுமிக்குப் பொருத்தியது டாக்டர் கே.எம்.செரியனின் மருத்துவமனை. (கும்மிடிப்பூண்டி பக்கத்து எளாவூரில் மெடிவில்லை உருவாக்கிய அதே செரியன்தான்.) இப்படி மாற்றி வைக்கும் இதயத்தில் ரத்தக்குழாய்களைத் தைக்கிறார்கள், நரம்பைத் தைப்பதில்லை. அதனால் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 90, 100 என்றே அடிக்கும். ஓடினாலும் சட்டென்று ஏறாது. அட்ரினலின் ரத்தத்தில் வந்து சேரவேண்டும். ஆனாலும் உயிரைக் காப்பாற்றுகிறதே, அது போதாதா!

நமக்கு ஓசியில் கிடைத்த பிரேக்கை நாம் கவனிக்கிறோமா? டிரெட்மில்லில் ஓடியவர்களை அமெரிக்காவில் ஆறு வருஷம் கவனித்து 1999-ல் வெளியிட்டார்கள். ஓட்டம் முடிந்த முதல் நிமிஷத்தில் துடிப்பு 12-க்கு மேல் இறங்காதவர்களிடம் சாவு அதிகம்.

தினம் அரைமணி வேகமாக நடந்தால் பிரேக் பலப்படும். ரயிலில் சீட் கிடைத்து இரண்டு ஸ்டேஷன் போயும் படபடப்பு அடங்கவில்லையா? இறங்கியதும் டீக்கடை வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.