பழையதே தேவலையா?



சென்ற மாதம் எங்கள் யூனியன் காரியாலயத்தில் ஒரு சம்பவம் நடந்தது. சிறிய சம்பவம்தான். ஆனால் அது கற்பித்த பாடம் சிறியதல்ல.

மூடிப்போன ஒரு மில்லில் கோன் வைண்டிங்கில் இருபது வருஷம் உழைத்த ஓர் அம்மாள். இன்று நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் கூலி வாங்குகிறவர். பி.எஃப். பணத்துக்கு மனுப் போட, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். காரியாலயத்துக் கம்ப்யூட்டரில் மனுவைப் பூர்த்தி செய்தோம். காகிதங்களையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, மொபைலுக்கு வந்த எண்ணையும் அடித்து, அனுப்பப் போகும் சமயத்தில் “இணைப்பு இல்லை” என்றது திரை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். மீண்டும் அதே கதை. மூன்றாம் முறை வந்த எண்ணும் காலாவதியாயிற்று. அந்த அம்மாள் வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

அன்றிரவு காரியாலயத்தில் ஒரே கூக்குரல். “விண்டோஸ் இருந்தவரைக்கும் இப்படி நடந்ததுண்டா? லினக்ஸைப் போட்டீர்கள், நெட் போயிற்று. பழையதே தேவலை!” என்றனர் ஒரு சாரார். “லினக்ஸில் குறையே கிடையாது. உங்களுக்குத்தான் உபயோகிக்கத் தெரியவில்லை” என்றனர் மறுசாரார். இரு சாராருமே தவறு செய்தனர் என்பதே என் அபிப்பிராயம்.

ஏன் மாற்றினோம்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். வேடிக்கைக்காக யாரும் மாற்றவில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும்; 2017-க்கு முந்திய பிராசசர்களில் மிகப் பெரும்பாலானவை அதன் பட்டியலிலேயே இல்லை. எங்கள் கம்ப்யூட்டரோ அதற்கும் மூத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்றார் கடைக்காரர். தொழிலாளியின் சந்தாப் பணம் அதற்கா இருக்கிறது? பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தோழரின் மகன் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். காசு செலவில்லை. பழைய இயந்திரம் புது வேகத்தோடு ஓடிற்று. ஆகவே, மாற்றியது சரி. எப்படி மாற்றினோம் என்பதுதான் கேள்வி.

எங்கே அறுகிறது?

கூச்சல் அடங்கியதும், ஸ்பின்னிங்கில் வேலை பார்த்து ரிட்டயரான ஒரு பெரியவர் பேசினார்: “நூல் அறுந்தா பிரேமையே மாத்தச் சொல்லுவியா? ஒரே ஸ்பிண்டில்ல அறுந்தா அந்த ஸ்பிண்டிலைப் பாரு. பிரேம் பூரா அறுந்தா ஈரப்பதத்தைப் பாரு, ரோவிங்கைப் பாரு. மொதல்ல எங்க அறுதுன்னு பாருங்கப்பா!”

விஷயம் அவ்வளவுதான். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் விவசாயத் தொழிலாளி என்ன செய்கிறார்? வயலிலிருந்து புறப்பட்டு, மடையைப் பார்த்து, வாய்க்காலைப் பார்த்து, மதகுவரை நடந்து போகிறார். தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு. நெட்டும் அப்படியே. நாங்களும் மறுநாள் அப்படி நடந்து பார்த்தோம்.

முதல் சோதனை: இணைப்பு அறுந்த அதே நிமிஷத்தில், அதே வைஃபையில் ஒரு மொபைல் வேலை செய்கிறதா? செய்தது. எனவே வெளியே லைன் போகவில்லை. கோளாறு எங்கள் கம்ப்யூட்டரின் பக்கம்தான். மொபைலிலும் நின்றிருந்தால், லினக்ஸைத் திட்டுவதை விட்டுவிட்டு ரூட்டரையும், லைன் கொடுத்தவர்களையும் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது: பிங் என்று ஒரு கட்டளை உண்டு. “இருக்கிறாயா?” என்று குரல் கொடுத்துப் பதில் கேட்பது. முதலில் ரூட்டரைக் கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் அடைப்பு அறைக்குள்ளேயே இருக்கிறது. ரூட்டர் பதில் சொன்னால், வெளியே உள்ள ஒரு முகவரியை, உதாரணமாக 8.8.8.8 என்பதை, எண்ணாலேயே கூப்பிட வேண்டும். அதுவும் பதில் சொல்லி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பதில் இல்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். என்ற விலாசப் புத்தகத்தில் கோளாறு. அதை அமைப்புகளில் மாற்றினால் போதும். எங்கள் விஷயத்தில் ரூட்டரே பதில் சொல்லவில்லை.

மூன்றாவது: வைஃபையை நிறுத்திவிட்டு, ரூட்டரிலிருந்து கேபிளை நேரே சொருகினோம். இரண்டு நாள் ஓட்டியும் ஒருமுறைகூட அறவில்லை. ஆக, லினக்ஸ் முழுவதும் கெட்டதல்ல, நெட்டும் கெட்டதல்ல. கம்ப்யூட்டருக்குள்ளிருந்த வைஃபை கார்டு ஒன்றுதான் தகராறு.

நான்காவதாகக் கவனித்தபோது இன்னொன்றும் புலப்பட்டது. வேலை தொடர்ந்து நடக்கும்போது இணைப்பு அறுவதில்லை. காகிதங்களைப் புரட்டிக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தால்தான் அறுகிறது! மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கார்டு தூங்கிவிடுகிறது, கூப்பிட்டால் எழுந்திருப்பதில்லை. பவர் சேவிங் என்ற இந்த ஏற்பாட்டுக்கு நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. அதில் 3 என்று இருந்ததை 2 என்று மாற்றி, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கினான் பையன். அன்றுமுதல் வைஃபை அறவில்லை.

குற்றவாளி யார்?

லினக்ஸுக்குப் பங்கில்லையா? உண்டு. பாட்டரியில் ஓடும் லேப்டாப்புக்குப் பொருத்தமான ஏற்பாட்டை, சுவரில் சொருகிய மேஜைக் கம்ப்யூட்டருக்கும் அப்படியே வைத்தது அதைத் தயாரித்தவர்களின் குறை.

வைஃபை சில்லு செய்கிற கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு சில்லையும் இயக்க டிரைவர் என்ற புரோகிராம் வேண்டும். விண்டோஸுக்கு அதைக் கம்பெனியே எழுதித் தருகிறது. லினக்ஸுக்கோ, பல கம்பெனிகள் நெடுங்காலம் சில்லின் விவரத்தைக்கூட வெளியிடவில்லை. தன்னார்வத் தொழில்நுட்ப ஊழியர்கள் உள்ளே நடப்பதை ஆராய்ந்து கண்டுபிடித்து எழுத வேண்டியதாயிற்று. பிராட்காம் கம்பெனியே 2010-ல்தான் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. இன்று நிலைமை எவ்வளவோ மேல். இருந்தும் சில கார்டுகள் இன்னும் சண்டித்தனம் செய்கின்றன.

மூன்றாவது பங்கு எங்களுடையது. இங்கே சுயவிமர்சனம் தேவை. லினக்ஸை வட்டில் ஏற்றாமலே, ஒரு பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரிண்டர், ஒலி எல்லாவற்றையும் ஒருநாள் முழுக்கச் சோதித்த பின்பு தீர்மானிக்கலாம். நாங்கள் அதைச் செய்யவில்லை. ஜனங்களின் மனுக்கள் போகிற ஒரே கம்ப்யூட்டரில், சோதனையில்லாமல், ஒரே ராத்திரியில் மாற்றினோம். அதற்கு அந்த அம்மாள் கூலி கொடுத்தார்.

உறைந்து நிற்கும் வியாதி

நெட் மட்டுமல்ல, மாற்றிய பின் கம்ப்யூட்டரே திடீரென்று உறைந்து நிற்கிறது என்று வேறு தோழர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கும் அதே விதிதான். பழைய இயந்திரத்தில் விசிறியில் பஞ்சு அடைத்துச் சூடேறுகிறதா? மில்லூரில் இதைச் சொல்லவே வேண்டாம். மெமரி பழுதா? வட்டு சாகக் கிடக்கிறதா? இவற்றைச் சோதிக்கப் புரோகிராம்கள் இலவசமாகவே உண்டு. புதிய திருத்தம் ஏற்றிய பிறகுதான் தொல்லை என்றால், கர்னல் என்ற அதன் கருப்பகுதியின் முந்திய பதிப்பு பெரும்பாலும் அழியாமல் இருக்கும். தொடங்கும்போது வரும் பட்டியலில் அதைத் தேர்ந்து ஓட்டிப் பார்க்கலாம்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்பது தெரியாது.

இரண்டு உதாரணங்கள்

ஜெர்மனியில் மூனிச் நகராட்சி, லினக்ஸுக்கு மாறுவதென்று 2003-ல் தீர்மானித்தது. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை மாற்றி, 2013-ல் வேலை முடிந்தது என்று அறிவித்தது. 2017-ல் அதே நகராட்சி விண்டோஸுக்குத் திரும்புவதென்று வாக்களித்தது. ஆனால் அந்நகராட்சிக்காகவே செய்த ஆய்வு, கம்ப்யூட்டர் பொறுப்பு பல இலாகாக்களில் சிதறிக் கிடந்ததைப் பெரிய குறையாகச் சுட்டியது. ஊழியரின் புகாரை யார் கேட்பது, யார் சரி செய்வது என்ற ஒழுங்கு இல்லாவிட்டால், எந்த சிஸ்டத்தின் மீதும் பழி விழும்.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகள் பல வருஷங்களாக லினக்ஸில் பாடம் நடத்துகின்றன. சர்க்காரின் கைட் நிறுவனமே பள்ளிகளுக்குத் தகுந்த பதிப்பைத் தயாரிக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. இயந்திரத்தை மாற்றியதோடு நில்லாமல் மனிதரையும் தயார் செய்தார்கள். நிலைத்ததற்குக் காரணம் அதுதான்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாக் காரியத்துக்கும் லினக்ஸ் போதும் என்று நான் சொல்லமாட்டேன். சில பிரிண்டர்களுக்கும், டிஜிட்டல் கையெழுத்துச் சாதனங்கள் சிலவற்றுக்கும் விண்டோஸுக்கு மட்டுமே புரோகிராம் உண்டு. அது அவசியமான இடத்தில் வீம்பு பிடித்து ஜனங்களின் காரியத்தைக் கெடுக்கக் கூடாது.

செய்ய வேண்டியது

எங்கள் காரியாலயத்தில் இப்போது மூன்று காரியம் செய்திருக்கிறோம். கேபிள் ஒன்றை மேஜைவரை நிரந்தரமாக இழுத்துவிட்டோம். சோதனை முறைகளை வரிசையாகத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அந்தப் பையன் ஒருவனை மட்டும் நம்பியிராமல், இரண்டு பெண் தோழர்கள் உள்பட நான்கு பேர் அதைக் கற்றுக்கொண்டார்கள். கிளைகள் அனைத்தும் இதைச் செய்யலாம்.

அந்த அம்மாளுக்குச் சொல்லி அனுப்பினோம். அடுத்த வாரம் ஒருநாள், வயல் வேலை முடிந்து மாலையில் வந்தார். அரை மணி நேரத்தில் மனு போயிற்று. ஆனால் முதல் தடவை அவர் இழந்த கூலி இழந்ததுதான். இனி ஒரு தொழிலாளி அப்படி இழக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

“பழையதே தேவலை” என்று கத்துவது சுலபம். “புதியதில் குறையே இல்லை” என்று சாதிப்பதும் சுலபம். நூல் எங்கே அறுகிறது என்று குனிந்து பார்ப்பதுதான் வேலை. அந்த வேலை தெரிந்தவர்களல்லவா நாம்!