பிரம்படி வளர்த்த கலையா?

கோபிநத்தத்தில் பிறந்த வீரப்பனின் கும்பல், 2000 ஜூலை 30 அன்று தாளவாடியை அடுத்த தொட்டகாஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திச் சென்றது. அவர் காட்டிலிருந்த 108 நாட்களையும் இரு மாநிலங்களும் ஒவ்வொன்றாக எண்ணின. ஆனால், பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளிலேயே விட்டுவிட்டு, தந்தையோடு குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனிக்குச் சென்ற அவரது இளமை நாட்களை எவரும் எண்ணவில்லை. புகழுக்கான விலை அங்கேயே வசூலிக்கப்படத் தொடங்கிவிட்டது.

தமிழ் மேடையின் வரலாறும் இதுவே. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபாவில் சேர்ந்தபோது டி.கே.சண்முகத்துக்கு வயது ஆறு. எம்.ஜி.ஆர்., சிவாஜி, எம்.ஆர்.ராதா ஆகியோரும் பாலர் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. பகலில் பாடம், இரவில் நாடகம், தவறினால் பிரம்படி. அக்கால நடிகர்களின் தன்வரலாறுகளே இதற்குச் சாட்சி.

‘அந்த அடிதான் அவர்களை மேதைகளாக்கியது’ என்போர் இன்றும் உளர். வென்றவர்களை மட்டும் எண்ணுகிற முதலாளிகளின் கணக்கு இது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் பாட்டையும் வேடத்தையும் இழந்த சிறுவர்கள் எங்கே போனார்கள்? பிரம்புதான் மேதையைப் படைக்கும் எனில், அதன்கீழ் நின்ற அனைவரும் மேதைகளாகியிருக்க வேண்டுமே! அவர்களை வளர்த்தவை ஆசிரியர்களின் புலமையும் இடையறாத பயிற்சியும்தாம்.

இதைப் பழங்கதையென ஒதுக்கிவிட இயலாது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தில் 2016-இல் செய்யப்பட்ட திருத்தம், திரைப்படம், தொலைக்காட்சி, விளம்பரம் போன்றவற்றில் குழந்தைகளை நடிக்கவைக்க அனுமதிக்கிறது. சர்க்கஸுக்கு மட்டும் அனுமதி இல்லை. கூடாரத்தில் ஆடும் சிறுமி தொழிலாளி. காமிராவின் முன் ஆடும் சிறுமி ‘கலைஞர்’! வேறுபாடு உழைப்பில் இல்லை, முதலாளியின் மூலதனத்தில் இருக்கிறது.

2017-ஆம் ஆண்டு விதிகள் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வைப்பு நிதியாக்க வேண்டும் என்கின்றன. மாவட்ட ஆட்சியரின் அனுமதியையும் கட்டாயமாக்குகின்றன. படப்பிடிப்புத் தளத்தில் கடிகாரம் பார்ப்பவர் யார்? வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பவர் யார்?

தோழர்கள் தத்தம் மாவட்டத்தில் வழங்கப்பட்ட அனுமதிகளின் விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறவேண்டும். விதிமீறல்களை அம்பலப்படுத்த வேண்டும். நமது கலை இரவு மேடைகளிலும், குழந்தைகளை நள்ளிரவுவரை காத்திருக்க வைக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதை இன்றே கைவிட வேண்டும்.