யார் போட்ட வயரிங்?

கம்பத்தில் ஒருவர் புது வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திராட்சைத் தோட்டத்தில் இரண்டு வருடம் நல்ல விலை கிடைத்தது. மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைத்தார். வீடு எழும்பிவிட்டது. வாசற்கால் தேக்கு. தரைக்கு டைல்ஸ். எல்லாச் சாமானையும் அவரே நின்று பார்த்து வாங்கினார். மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். செங்கல்லைத் தட்டிச் சத்தம் கேட்டார்.

அப்புறம் வயரிங் வேலை வந்தது.

"யாருண்ணே வயரிங்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"நம்ம பயதாம்ப்பா. ஃபேன் எல்லாம் நல்லா மாட்டுவான். கூலியும் கம்மியாத்தான் கேட்டான்."

"லைசென்ஸ் இருக்கா?"

"அதுக்கென்ன? கரண்ட் ஆபீஸ் பாரத்துக்கு ஒரு கையெழுத்துத்தானே வேணும்? தனியா ஒருத்தர்கிட்ட வாங்கிக்கிடலாம்."

அந்தக் கடைசிப் பேச்சைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

மின்சாரம் பிறக்கும் பள்ளத்தாக்கு

குமுளி மலையில் பஸ் ஏறும்போது லோயர் கேம்பில் ராட்சதக் குழாய்கள் மலைச்சரிவில் இறங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். 1895-ம் ஆண்டு பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான் அது. வெறுமனே வயலுக்கு ஓடிக்கொண்டிருந்த அந்தத் தண்ணீரைக் கொண்டு 1958-ம் ஆண்டு முதல் மின்சாரமும் எடுக்கிறார்கள். தண்ணீர் விழுந்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிறகு நெல் வயலுக்குப் போகிறது.

அது மட்டுமா? தேனி, ஆண்டிபட்டி, உத்தமபாளையம் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைகள். கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று அவற்றைச் சுழற்றுகிறது. தண்ணீரிலும் காற்றிலும் மின்சாரம் எடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்கிற பூமி இது.

லோயர் கேம்பில் அந்த மின்சாரத்தின் பக்கத்தில் போக வேண்டுமானால் படித்திருக்க வேண்டும், பயிற்சி வேண்டும், அனுமதி வேண்டும். அதே மின்சாரம் நம் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று நினைக்கிறோம். இது என்ன நியாயம்?

விதி புதிதல்ல

"இப்போதுதான் புதுப்புதுச் சட்டமாகப் போடுகிறார்கள்" என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். தவறு. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி என்று ஒன்று இருந்தது. லைசென்ஸ் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் வயரிங் வேலை செய்ய வேண்டும், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரில் நின்று பார்க்க வேண்டும், கையில் வேலை செய்பவருக்கும் அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும் என்று அது சொன்னது. பிறகு 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் வந்தது. மத்திய மின்சார ஆணையம் 2010-லும், மறுபடி 2023-லும் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. விதியின் எண் மாறியது. விஷயம் மாறவில்லை.

அப்படியானால் பல்பு மாற்றவும் லைசென்ஸ் ஆளைத் தேட வேண்டுமா? வேண்டாம். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்சு ஆகியவற்றை இருந்த இடத்தில் இருந்தபடியே மாற்றுவதற்கு விதி விலக்குத் தருகிறது. புதிதாக ஒயர் இழுப்பது, ஏ.சி.க்கு ஒரு லைன் கூட்டுவது, மாடிக்குக் கொண்டுபோவது, இவையெல்லாம் விலக்கில் சேராது.

தமிழ்நாட்டில் இந்த லைசென்சைக் கொடுப்பது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். வேலை முடிந்ததும் லைசென்ஸ்காரர் சோதனை அறிக்கை ஒன்றில் கையெழுத்துப் போடுகிறார். "இந்த வயரிங்கை நான் சோதித்தேன், சரியாக இருக்கிறது" என்பது அதன் பொருள்.

அந்த வீட்டு வாசற்படியையே மிதிக்காதவர் கையெழுத்துப் போட்டால் அதற்கு என்ன பொருள்? நாடி பார்க்காத டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு அது. கையெழுத்தை விற்பவர் குற்றவாளி என்றால், வாங்குகிறவரை என்ன சொல்வது? அவர் தன் பிள்ளைகளின் உயிருக்குத்தான் போலிச் சீட்டு வாங்குகிறார்.

ஃபியூஸ் காப்பாற்றாதா?

"ஷாக் அடித்தால் ஃபியூஸ் போய்விடும், ஆள் பிழைத்துக்கொள்வான்." இப்படி நம்புகிறவர்கள் அநேகம் பேர். இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லும்.

கணக்கைப் பாருங்கள். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரிய 400 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு மனிதனின் மார்பு வழியாகச் சிறிது நேரம் ஓடினாலே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே விரல்கள் இறுகிக்கொள்ளும். பிடித்த கம்பியை விட முடியாது.

வீட்டு ஃபியூசோ ஐந்து ஆம்பியர். அதாவது 5,000 மில்லி ஆம்பியர். மனிதன் துடித்துக்கொண்டிருப்பது அந்த ஃபியூசுக்குத் தெரியவே தெரியாது! ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதுதான் ஃபியூசின் வேலை. மனிதனைக் காப்பது அதன் வேலை அல்ல. அதிலும் நம்மவர்கள் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்போது ஒயரையும் காப்பாற்ற ஆள் இல்லை.

எர்த் எங்கே?

வீட்டில் உள்ள மூன்று துளை பிளக்கைப் பாருங்கள். மேலே பெரிய துளை ஒன்று இருக்கிறதல்லவா? அதுதான் எர்த். கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, கீஸர், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் பிளக்கில் அந்தக் கால் மட்டும் நீளமாக இருக்கும். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

கிரைண்டருக்கு உள்ளே ஒயர் உரசி அதன் உடம்பில் மின்சாரம் ஏறிவிட்டால், அந்தக் கால் வழியாக அது மண்ணுக்குள் ஓடிவிட வேண்டும். அப்படி ஓடும்போது மின்சாரம் வெகுவாகப் பாய்வதால் ஃபியூசும் போகும். எர்த் இல்லையென்றால்? ஈரத் தரையில் வெறுங்காலோடு மாவு அள்ளுகிற அம்மாதான் எர்த்!

பெரிய துளை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதன் பின்னால் பச்சை ஒயர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுவருக்குள் குழாய் பதித்துப் பூசிவிட்டால் யாருக்குத் தெரியும்? "எர்த் ஒயரை விட்டுவிட்டால் இத்தனை சுருள் மிச்சம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பச்சை ஒயரை இழுத்துவிட்டு அதன் மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் காலத்துத் தண்ணீர்க் குழாய் பிளாஸ்டிக். அதில் கட்டி என்ன பயன்?

கட்டிடத்தை விட்டு ஐந்தடியாவது தள்ளிக் குழி தோண்டி எர்த் இறக்க வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கத்துச் செம்மண் கோடையில் காய்ந்து இறுகிப்போகும். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. அங்கே எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வாசல் தெளிப்பது போல வழக்கமாக வேண்டும். கம்பம், கூடலூர்ப் பக்கம் வேறு தொல்லை. சாரல் காலத்தில் சுவர் ஊறிப்போகும். ஊறிய சுவருக்குள் மட்ட ரக ஒயர் இருந்தால் சுவரைத் தொட்டாலே சுள்ளென்று இழுக்கும்.

இன்னொன்று. சுவிட்சை எந்த ஒயரில் வைப்பது என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். மின்சாரம் வருகிற ஃபேஸ் ஒயரில் வைக்க வேண்டும். அவசரத்தில் நியூட்ரலில் வைத்துவிட்டாலும் பல்பு அணையும், எரியும். வீட்டுக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஹோல்டரில் கை வைத்தால் அங்கே 230 வோல்ட் காத்திருக்கும்.

விழுகிறதென்று கழற்றலாமா?

இப்போது ஆர்.சி.டி. என்றொரு கருவி வந்திருக்கிறது. இதன் முன்னோடி 1950-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர் உயிரைக் காக்கப் பிறந்தது. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது சதா பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது, ஒருவேளை யார் உடம்பு வழியாகவோ, என்று பொருள். கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். தமிழ்நாட்டில் புது மின் இணைப்புக்கு இது கட்டாயம் ஆகிவிட்டது. போடி ஏலத்தில் ஒன்றிரண்டு கிலோ நல்ல ஏலக்காய் போகிற விலைதான் இதற்கும்.

ஆனால் நடப்பது என்ன? இணைப்புக் கிடைக்கிற வரை ஆர்.சி.டி. பெட்டியில் இருக்கிறது. முதல் மழைக்கு அது இரண்டு தடவை விழுகிறது. "டி.வி. பார்க்க முடியவில்லை" என்று வீட்டில் சத்தம். அந்தப் பையனைக் கூப்பிடுகிறார்கள். அவன் அதைக் கழற்றி நேராக இணைத்துவிட்டுப் போகிறான். காவல் நாய் குரைத்ததென்று நாயை விரட்டிவிட்டுத் திருடனோடு தூங்குகிற கதை இது!

அது விழுந்தால் வீட்டில் எங்கோ ஒழுகுகிறது. அல்லது வயரிங்கில் நியூட்ரல் ஒயர்கள் கலந்துவிட்டன. எங்கே என்று தேடிப் பிடிக்கத் தெரிந்தவர்தான் வயர்மேன். அதன் மேல் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள். ஆர்.சி.டி. இருக்கிறதே என்று எர்த்தை விடவும் கூடாது. ஒன்றுக்கு ஒன்று துணை.

துணிக்கொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வீஸ் ஒயர் வருகிற இரும்புக் குழாயில் கம்பியைக் கட்டித் துணி காயப்போடுகிறார்கள். இன்றைக்கே அவிழ்த்துவிட்டுக் கயிறு கட்டுங்கள்.

பையன் மேல் மட்டும் பழியா?

அந்தப் பையனை மட்டும் திட்டிப் பயனில்லை. சின்ன வயதில் ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்து, சுவர் உடைத்து, குழாய் சுமந்து தொழில் கற்றவன் அவன். கை வேகம் உண்டு. காரணம் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அவனுக்கும் வழி இருக்கிறது. மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று சர்க்கார் நடத்துகிறது. வேலைவாய்ப்பு பயிற்சித் துறை அதைக் கவனிக்கிறது. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். வயரிங் தொழிலில் ஐந்து வருட அனுபவம் வேண்டும். இவ்வளவு வயதுக்குள் என்ற மேல் வரம்பு இல்லை. ஆகவே நாற்பது வயதுக்காரரும் எழுதலாம்.

தேர்வு இருப்பதே பலருக்குத் தெரியாது. செய்தி பத்திரிகையில் ஒரு மூலையில் வருகிறது. அதிகாரிகள் அதைக் கம்பம், சின்னமனூர், போடி, பெரியகுளம் எங்கும் ஒயர் விற்கிற கடைகளில் ஒட்ட வேண்டும். வயர்மேன்கள் தினமும் வந்து நிற்கிற இடம் அதுதானே? வேலை முடிந்த பிறகு மாலை வகுப்பு நடத்தினால் கூலி இழக்காமல் படிப்பார்கள். பொய்க் கையெழுத்துப் போட்ட லைசென்ஸ்காரர் மீது நடவடிக்கை எடுத்தால் அதையும் ஊரறியச் சொல்ல வேண்டும். இப்போது இரண்டும் போதாது என்பது நம் அபிப்பிராயம்.

கம்பத்துக்காரர் வீட்டுக்குத் திரும்புவோம். இன்னும் பூச்சு வேலை ஆகவில்லை. நல்லதாயிற்று. குழாய் போகிற பாதையை இப்போதே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். நாளைக்கு ஆணி அடிக்கும்போது உதவும். பச்சை ஒயர் ஒவ்வொரு பிளக்குக்கும் வந்திருக்கிறதா என்று வீட்டு அம்மாவே எண்ணிப் பார்க்கலாம். விளக்குக்கு ஓடுகிற மெல்லிய ஒயரிலேயே கீஸரையும் மாட்டுகிறார்களா என்று கேட்கலாம். கீஸருக்கும் ஏ.சி.க்கும் தனித் தனி லைன், தடித்த ஒயர்.

கையெழுத்துப் போடுகிறவர் வீட்டுக்கு வர வேண்டும். வரும்போது மெக்கர் கருவியையும் கொண்டுவர வேண்டும். 500 வோல்ட் வைத்து, ஒயரின் மேலுறை மின்சாரத்தை ஒழுகவிடுகிறதா என்று அது அளக்கும். ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது. அந்த எண்ணைத் தன் எதிரில் தாளில் எழுதச் சொல்லி, அதைப் பார்த்த பிறகு கடைசித் தவணைப் பணத்தை எடுத்துக் கொடுக்கட்டும்.