கொல்கத்தாவில் இரண்டாவது வேலை எங்கே?

மென்பொருள் வேலைக்குத் தேர்வான பொறியியல் மாணவரிடம் ஊரும் உறவும் கேட்கும் முதல் கேள்வி, ‘பேக்கேஜ் எவ்வளவு?’ என்பதுதான். கொல்கத்தா மாணவர் சொல்லும் பதிலும் சென்னை மாணவர் சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ போன்ற சேவை நிறுவனங்கள் புதியவர்களில் பெரும்பகுதியினருக்கு நாடு முழுவதும் ஆண்டுக்கு மூன்று முதல் மூன்றரை லட்சம் ரூபாய் தருகின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பும் ஏறத்தாழ இதையேதான் தந்தன. இடையில் விலைவாசி இரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இந்தத் தேக்கம் பற்றி நிறையப் பேசியாயிற்று. ஆனால், அது எல்லா ஊருக்கும் பொது. கொல்கத்தாவின் நிரலாளர் மட்டும் பின்தங்குவதை அது விளக்காது. அவர் பின்தங்கத் தொடங்குவது மூன்றாம், நான்காம் ஆண்டில், கம்பெனி மாறலாம் என்று நினைக்கும்போதுதான். மாறிப் போவதற்கு வேறு வகையான கம்பெனி அந்த ஊரில் அரிது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024இல் டி.சி.எஸ். தன் ஊழியர்களுக்கு அறிவித்த சராசரி ஊதிய உயர்வு 4.5 முதல் 7 விழுக்காடு. அதிகபட்சமான 7 விழுக்காட்டையே பத்து ஆண்டுகள் தொடர்ந்து வாங்கினாலும் 3.5 லட்சம் என்பது 6.9 லட்சமாகத்தான் வளரும். விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொண்டால், இருந்த நிலையிலேயே இருப்பதற்கு 5.7 லட்சம் வேண்டும். பத்து ஆண்டு உழைப்புக்கு உண்மையான ஆதாயம் ஒரு லட்சத்துச் சொச்சம்! அதே ஆள் அந்தப் பத்து ஆண்டுகளில் மூன்று முறை கம்பெனி மாறி, மாறும்போதெல்லாம் 30 விழுக்காடு கூடுதலாகப் பேசி வாங்கினால், மற்ற ஏழு ஆண்டுகளுக்கு அதே 7 விழுக்காட்டைப் போட்டாலும் 12 லட்சத்தைத் தாண்டிவிடுகிறார். பதவி உயர்வைச் சேர்த்தால் இரண்டு தொகையும் கொஞ்சம் கூடும். விகிதம் பெரிதாக மாறாது. திறமை ஒன்று, பட்டம் ஒன்று, தொடக்கச் சம்பளமும் ஒன்று. மூன்று முறை வாசல் மாற முடிந்ததா என்பதில்தான் வேறுபாடு.

கொல்கத்தாவுக்குக் கணினி புதிதன்று. 1955இல் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிரிட்டனிலிருந்து ஹெச்.இ.சி.-2எம் இயந்திரத்தைத் தருவித்து நிறுவியது அங்குதான். இந்தியாவில் இயங்கிய முதல் எண்முறைக் கணினி அது. 1966இல் அந்நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ‘இசிஜு-1’ என்ற கணினியையே உருவாக்கின. கரக்பூர் ஐ.ஐ.டி. அருகில். மிகக் குறைந்த கட்டணத்தில் உயர்ந்த தரத்தில் பொறியியல் கற்பிக்கும் ஜாதவ்பூர் நகருக்குள்ளேயே. ஆளுக்குப் பஞ்சமில்லை, அறிவுக்கும் பஞ்சமில்லை. ‘வங்காளத்தை இடதுசாரிச் சங்கங்கள் கெடுத்தன’ என்பது இந்த இடத்தில் வழக்கமாக எழும் வாதம். அதில் உண்மை உண்டு. 1960களின் பிற்பகுதியில் கொல்கத்தாவின் இலாகோ ஹவுஸில் கணினியை இறங்கவிடாமல் எல்.ஐ.சி. ஊழியர்கள் காவல் காத்தார்கள். ஆனால், 2000க்குப் பிறகு புத்ததேவ் பட்டாச்சார்யாவின் இடதுசாரி அரசே தகவல் தொழில்நுட்பத்தை இன்றியமையாச் சேவை வரிசையில் வைத்து வேலைநிறுத்தத்திலிருந்து காக்க முனைந்தது. சால்ட் லேக் செக்டர் ஃபைவும் ராஜர்ஹாட்டும் கண்ணாடிக் கட்டடங்களால் நிறைந்தன; டி.சி.எஸ்., காக்னிசன்ட், விப்ரோ, ஐ.பி.எம். எல்லாம் வந்தன. அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்தக் காவலை இன்றைய சம்பளச் சீட்டுக்குக் காரணமாகக் காட்டுவது சோம்பேறி வாதம்.

வந்த நிறுவனங்கள் எந்த வகையைச் சேர்ந்தவை என்பதே கேள்வி. பெரும்பாலானவை, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் பில் போடும் சேவை நிறுவனங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால் சம்பளம் சற்று ஏறலாம். வேலையின் தன்மை மாறாது, அதனால் அடுத்த முறை பேரம் பேசும் பலமும் கூடாது. சென்னையை ஒப்பிட்டுப் பாருங்கள். உலக வங்கியும் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டு வங்கியும் 2001லேயே இங்கு தங்கள் சொந்தப் பணி மையங்களைத் தொடங்கின. 1996இல் தொடங்கிய ஸோஹோவும், 2010இல் பிறந்து 2021இல் நாஸ்டாக் சந்தையில் ஏறிய ஃபிரெஷ்வொர்க்ஸும் சொந்த மென்பொருளைச் செய்து விற்கின்றன. சேவை நிறுவனத்தில் சலித்தவர் வங்கி மையத்துக்குப் போகலாம், அங்கிருந்து தயாரிப்பு நிறுவனத்துக்குத் தாவலாம். நாஸ்காம்–ஜின்னோவ் அறிக்கையின்படி 2024இல் இந்தியாவில் இத்தகைய பன்னாட்டு நிறுவன மையங்கள் 1,700க்கு மேல். பெங்களூருவில் மட்டும் 800க்கு மேல். மீதியும் ஹைதராபாத், டெல்லி வட்டாரம், மும்பை, புனே, சென்னை என்றே பெரிதும் பங்கிடப்பட்டன. கொல்கத்தாவுக்குக் கிடைத்தது சொற்பம். இதற்கு நடுவே ராஜர்ஹாட்டில் 50 ஏக்கருக்குப் பணம் கட்டிய இன்ஃபோசிஸ், 2011இல் வந்த மம்தா அரசு சிறப்புப் பொருளாதார மண்டலத் தகுதிக்கு ஒப்பாததால் காத்திருந்தது. அதன் வளாகம் திறக்கப்பட்டது 2024 டிசம்பரில். 2018இல் அடிக்கல் நாட்டப்பட்ட ‘பெங்கால் சிலிக்கான் வேலி’ நிலத்தில் தரவு மையங்கள் வரிசை கட்டுகின்றன. தரவு மையம் மின்சாரத்தை விழுங்கும் அளவுக்கு நிரலாளர்களை வேலைக்கு எடுக்காது.

‘கொல்கத்தாவில் வாடகை குறைவு, சாப்பாடு மலிவு, குறைந்த சம்பளம் அங்கே போதும்’ என்பார்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இது முழு உண்மை. சொந்த வீட்டிலிருந்து மெட்ரோவில் அலுவலகம் போகிறவர் பெங்களூருவின் மாரத்தஹள்ளியில் அறை எடுத்திருப்பவரைவிட அதிகம் மிச்சம் பிடிப்பார். ஆனால், வாடகை வேறுபாடு ஓரளவோடு நின்றுவிடும்; சம்பள இடைவெளியோ ஆண்டுக்கு ஆண்டு பெருகும். எட்டாம் ஆண்டில் வாடகைக் கணக்கு செல்லாது. பிறகு ஏன் பெங்களூரு போகக் கூடாது என்று கேட்கலாம். போகிறார்கள், பெல்லந்தூரிலும் ஒயிட்ஃபீல்டிலும் துர்கா பூஜைப் பந்தல்கள் அதற்குச் சாட்சி. போக முடியாதவர்கள், அதாவது வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், கணவரின் வேலை உள்ளூரில் இருக்கும் பெண்கள், இவர்களே நகரத்தின் சம்பள மட்டத்தைத் தாங்கி நிற்கிறார்கள். வேறு வாசல் இல்லை என்பது மேலாளருக்கும் தெரியும்.

இதற்கு ஒரு சோதனை தானாகவே நடந்தது. கொரோனாவுக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகள், பெங்களூரு கம்பெனியின் வேலையைக் கொல்கத்தா வீட்டிலிருந்தே செய்ய முடிந்தது. ஊர் என்ற தடை விலகியதும் ஆள் மாறும் வேகம் எகிறியது: 2022 மார்ச்சில் இன்ஃபோசிஸை விட்டு விலகுவோர் விகிதம் 27.7 விழுக்காட்டைத் தொட்டது. அந்த ஆண்டுகளில் உலகெங்கும் மென்பொருளுக்குத் தேவை பொங்கியதும் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும், இருந்த இடத்திலிருந்தே நாடு முழுவதிலும் பேரம் பேச முடிந்தது சம்பளங்களை ஏற்றிய விதம் கண்கூடு. 2023 அக்டோபரில் டி.சி.எஸ். வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகக் கதவை இறுக்கின. 2024 மார்ச்சில் இன்ஃபோசிஸின் விலகல் விகிதம் 12.6. ஊழியர்களின் திறமை இரண்டே ஆண்டில் பாதியாகிவிடவில்லை.

பட்டதாரிகள் பெருகிவிட்டார்கள், தரம் குறைவு, சந்தை விலை அவ்வளவுதான் என்பது நிறுவனங்களின் வாதம். இன்ஃபோசிஸின் முன்னாள் நிதித் தலைவர் மோகன்தாஸ் பாய், பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு புதியவர்களின் சம்பளத்தை உயராமல் வைத்திருப்பதாக 2017இலேயே குற்றம்சாட்டினார். அதை நிரூபிப்பது கடினம். ஆனால், 2024-25இல் டி.சி.எஸ். ஈட்டிய நிகர லாபம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல் என்னும்போது, கொடுக்க முடியவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். 12,000 பேரை, பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களை, அனுப்பப்போவதாக அறிவித்தது. ஆள் கணக்கில் பில் போடும் தொழிலில் ஆளைக் குறைக்கும் கருவி வந்தால் அந்த வகை நிறுவனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்கும். அவற்றை மட்டுமே நம்பிய ஊரில், வெளியேற்றப்பட்ட நாற்பது வயதுக்காரருக்கு எதிர்த்த கட்டடத்திலும் வேலை இருக்காது.

ஆகவே, நிலம் ஒதுக்குவதும் பொறியியல் இடங்களைக் கூட்டுவதும் சம்பளத்தை உயர்த்தாது. தமிழ்நாடு அரசு 2024-25 நிதிநிலை அறிக்கையில் ஒரு மாற்று வழியைக் காட்டியது: மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் தரும் வேலைகளை உருவாக்கும் பன்னாட்டு மையங்களுக்கு, அந்தச் சம்பளத்தில் முதல் ஆண்டு 30, அடுத்து 20, பிறகு 10 விழுக்காட்டை அரசே மானியமாகத் தரும் என்றது. பணக்கார நிறுவனங்களுக்கு வரிப்பணமா என்ற எதிர்ப்பு நியாயமானது. எனினும் ஏக்கரை அளக்காமல் சம்பளத்தை அளக்கும் திட்டம் என்பதால் மேற்கு வங்கம் அதைக் கவனிப்பது நல்லது. செலவே இல்லாத இன்னொரு வேலையும் இருக்கிறது. விலகல் கடிதம் கொடுத்தபின் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்ற ‘நோட்டீஸ் பீரியட்’ நம் சேவை நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. மூன்று மாதம் காத்திருக்கப் புதிய நிறுவனம் தயங்கும், சிறிய நிறுவனமோ காத்திருக்கவே முடியாது. கொல்கத்தாவில் முளைக்கும் பத்துப் பேர் கொண்ட ஒரு தயாரிப்பு நிறுவனம், செக்டர் ஃபைவில் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் அனுபவசாலியை எடுக்க முடியாமல் போவதற்கு இது ஒன்றே போதும். அந்த 90 நாளை 30 ஆகக் குறைக்க ஓர் அங்குல நிலமும் தேவையில்லை.