டீசல் இன்ஜினைத் தூக்கிட்டு பெட்ரோல்... போடலாமா மச்சான்?

"மச்சான், அப்பா அவரோட டீசல் ஸ்விஃப்ட்டை எனக்கே கொடுத்துட்டாரு. பழைய இன்ஜினை இறக்கிட்டு ஒரு டர்போ பெட்ரோல் போட்டா எப்படி இருக்கும்?"

இந்தக் கேள்வியை நீங்க கேட்டிருப்பீங்க. இல்லைன்னா உங்க நண்பன் கேட்டிருப்பான். ரீல்ஸ்ல பார்த்தா ரொம்ப சிம்பிள். பானெட் திறக்குது, செயின் பிளாக்ல இன்ஜின் மேலே வருது, அடுத்த கட்ல கார் பறக்குது. நடுவுல என்ன நடக்குதுன்னு மட்டும் காட்ட மாட்டாங்க. ராணிப்பேட்டையில டி.என் 73 நம்பரோட ஓடுற ஒரு வண்டிக்கு அதைச் செஞ்சா என்ன ஆகும்?

ஏன் இப்போ இந்த ஆசை?

தாத்தா காலத்துல கதை தலைகீழ். பெட்ரோல் அம்பாசடரை வாங்கி, மேட்டடார் டீசல் இன்ஜினைப் போட்டு ஓட்டினாங்க. காரணம் டீசல் விலை. 2012-ம் ஆண்டு மத்தியில் சென்னையில பெட்ரோல் 70 ரூபாய்க்கு மேல, டீசல் 50-க்குக் கீழ. அப்போதான் டீசல் கார்கள் வீடு வீடா வந்தன. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கினதும் அந்த வித்தியாசம் சுருங்கிடுச்சு. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 வந்தப்போ, மாருதி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திடுச்சு.

அன்னைக்கு வாங்கின கார்கள் இன்னைக்குப் பிள்ளைகள் கையில இருக்கு. 'டெல்லியில டீசலுக்குப் பத்து வருஷம்தானாமே'ங்கிற பயமும் சேர்ந்துக்குது. அது 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரத்துக்குப் போட்ட உத்தரவு. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. இங்கே 15 வருஷம் முடிஞ்சா, எஃப்.சி காட்டி 5 வருஷத்துக்கு ஆர்.சி-யைப் புதுப்பிக்கலாம்.

பவர் கூடும், இழுவை?

ஸ்விஃப்ட்டில் இருந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஃபியட் வடிவமைச்சது. பவர் 75 பி.எஸ், டார்க் 190 என்.எம். அதே மாருதி 2017-ல் பலேனோ ஆர்.எஸ்-ல் கொடுத்த 1 லிட்டர் டர்போ பெட்ரோலுக்கு பவர் 102 பி.எஸ், ஆனா டார்க் 150 என்.எம்தான். வாலாஜா தாண்டி ஹைவேயில் வேகம் பிடிக்க பெட்ரோல் ஜோர். நாலு பேரை ஏத்திக்கிட்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, பழைய டீசலின் இழுவையை மனசு தேடும்.

வேலையும் இன்ஜினோட முடியாது. டீசல் கியர்பாக்ஸ் குறைந்த ஆர்.பி.எம்முக்காக அமைச்சது. அதையும் மாத்தணும். டேங்க்குள்ள பெட்ரோல் பம்ப், எரிபொருள் லைன், இ.சி.யூ, முழு ஒயரிங், இம்மொபைலைசர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோட சைலன்ஸர், இன்ஜின் மவுன்ட்டுகள்... லிஸ்ட் நீளும். பவரைக் கூட்டினா பிரேக்கையும் அதுக்கேத்த மாதிரி பார்த்தாகணும். பெட்ரோல் லைனில் ஒரு ஜாயின்ட் சரியில்லைன்னா அது ரிப்பேர் விஷயமில்ல, தீ விஷயம்.

ஆர்.சி-யில் இருப்பது வேற வண்டி

இன்ஜின் வெறும் உதிரி பாகம் இல்லை. ஆர்.சி-யில் இன்ஜின் நம்பர், சி.சி, எரிபொருள் வகை எல்லாம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களோட முரண்படுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சது. 2019-ல் சேர்த்த 182-ஏ பிரிவின்படி, மீறினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

இன்ஜின் பழுதானா அதே வகை இன்ஜினை அனுமதியோட மாத்திக்கலாம். சி.என்.ஜி, எல்.பி.ஜி, பேட்டரிக்கு மாறவும் அங்கீகரிக்கப்பட்ட கிட் வழியா இடம் இருக்கு. 'டீசலை எடுத்துட்டு பெரிய பெட்ரோல்' என்பதற்கு மட்டும் அப்படி ஒரு நேர்வழி இல்லை.

புகைச் சோதனையிலேயே இது இடிக்கும். டீசலுக்கு புகையின் அடர்த்தியை அளப்பாங்க, பெட்ரோலுக்கு கார்பன் மோனாக்சைடை. ரெக்கார்டில் டீசல், வண்டியில் பெட்ரோல்னா எந்தச் சோதனை செய்வாங்க? 2012-ல் பதிவான காருக்கு 2027-ல் 15 வருஷம் முடியும். புதுப்பிக்கப் போற அன்னைக்கு இன்ஜின் நம்பரைப் பார்ப்பாங்க. பழைய மார்க்கெட்டில் பில் இல்லாம வாங்கின இன்ஜின், திருட்டு வண்டியோடதா இருந்தா? ஸ்டேஷன் படி ஏறப் போறது நீங்கதான்.

அடிபட்டவருக்கு யார் பதில்?

உண்மையான ஆபத்து இங்கேதான். ஷிஃப்ட் முடிஞ்சு ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து சைக்கிளில் வீடு திரும்புற ஒருத்தர் மேல உங்க கார் மோதிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. மறைச்சு செஞ்ச மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்க சொந்தச் சேதத்துக்கான கிளெய்மை மறுக்கலாம். அடிபட்டவருக்கு 'முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூல் பண்ணிக்கோ'ன்னு நீதிமன்றம் சொன்னா, லட்சக்கணக்கில் வரும் அந்தத் தொகை ஆர்.சி-யில் பெயர் இருக்கிறவர் தலையில விழும். பல வீடுகளில் அந்தப் பெயர் இன்னும் அப்பாவோடது.

அப்போ வழியே இல்லையா?

இருக்கு. டீசலை நல்ல விலைக்கு வித்துட்டு, கம்பெனியே டர்போ பெட்ரோல் போட்டுக் கொடுத்த பழைய காரை வாங்கலாம். பவர், பிரேக், பேப்பர் மூணும் பொருந்தியிருக்கும். ஸ்வாப்தான் வேணும்னா, ரோட்டில் ஓட்டாம டிரக்கில் ஏத்திட்டுப் போங்க. இதே ஹைவேயில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கு. அவங்க விதிகளுக்கு உட்பட்டு ஓட்டலாம்.

அரசுக்கும் ஒரு கேள்வி. ஜெர்மனியில் மாத்தின வண்டியை அங்கீகாரம் பெற்ற நிபுணர் சோதிச்சு, சரியா இருந்தா அதை ஆவணத்தில் ஏத்துறாங்க. இங்கே அப்படிச் சோதிச்சு அனுமதிக்க இடமில்லாததால, திறமையான மெக்கானிக்கும் அரைகுறை ஆளும் ஒரே மாதிரி ஒளிஞ்சு வேலை செய்ய வேண்டியிருக்கு. 2024 செப்டம்பர் 28 அன்று நம்ம மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் டாடாவின் 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினாங்க. காரைச் செய்யறதுக்கு நம்பி வேலைக்கு எடுக்கிற இதே ஊர்ப் பசங்களுக்கு, மாத்துறதுக்கும் ஒரு முறையான பயிற்சி, ஒரு சோதனை மையம் கொடுக்கலாமே?

அதுவரைக்கும் மச்சான்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க: "டேய், ஆர்.சி யார் பேர்ல இருக்கு?"