கார்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

முகூர்த்த மாதங்கள் நெருங்கினால் இதழுக்கு வரும் கேள்விகளில் மெமரி கார்டு பற்றியவை கூடிவிடும். 200 எம்பி வேகம் என்று போட்ட கார்டுதான் வாங்கினேன், 4கே எடுக்கும்போது ரெக்கார்டிங் தானாக நின்றுவிடுகிறது, கோளாறு கேமராவிலா கார்டிலா என்று கேட்கிறார்கள். இரண்டிலும் கோளாறு இல்லாமலே இப்படி நடக்கும். கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் அந்த எண்ணுக்கும் மண்டபத்தில் நாம் செய்யும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை.

அது படிக்கும் வேகம். எடுத்து முடித்ததைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது, தோதான ரீடர் இருந்தால், அதிகபட்சம் கிடைக்கக்கூடியது. கேமராவோ கார்டில் எழுதுகிறது. எழுதும் வேகம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. அதே வகைக் கார்டிலேயே கொள்ளளவு குறைந்தால் எழுதும் வேகமும் குறைவதுண்டு. போதாததற்கு, யுஎச்எஸ்-1 இணைப்பின் எல்லையே விநாடிக்கு 104 எம்பிதான். அந்த வகைக் கார்டில் 170, 200 என்று போட்டிருந்தால், அது தயாரிப்பாளர் தன் கார்டுக்கும் அதற்கேற்ற ரீடருக்கும் இடையே தனியாக அமைத்துக்கொண்ட முறையில் கிடைப்பது. யுஎச்எஸ்-1 ஸ்லாட் மட்டும் உள்ள கேமராவில் அந்த முறை நடக்காது.

வீடியோ எடுப்பவருக்கு எழுதும் வேகத்திலும் அதிகபட்சம் என்பது உதவாது. ஒரு விநாடி 90 எம்பி எழுதிவிட்டு அடுத்த விநாடி 8 எம்பிக்கு இறங்கும் கார்டின் சராசரி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேமரா விடாமல் டேட்டாவை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கார்டு வாங்கிக்கொள்ளாத நேரத்தில் அது பஃபரில் தேங்குகிறது. பஃபர் நிரம்பியதும் ரெக்கார்டிங்கை நிறுத்துவதைத் தவிரக் கேமராவுக்கு வழியில்லை. ஒரு கார்டு எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பதை விட்டுவிட்டு, எவ்வளவுக்குக் கீழே இறங்காது என்று கேட்கும் பழக்கம் நம் தொழிலுக்கு வந்தாக வேண்டும். அதற்கான பதில் கார்டிலேயே இருக்கிறது, சின்ன எழுத்தில்.

ஒரு எஸ்டி கார்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஆங்கில ‘சி’ எழுத்தின் வளைவுக்குள் 10 என்று இருக்கும். விநாடிக்கு 10 எம்பிக்குக் கீழே போகாது என்று பொருள். ‘யு’ எழுத்துக்குள் 1 இருந்தால் அதுவும் 10 எம்பி, 3 இருந்தால் 30 எம்பி. ‘வி’ எழுத்தை ஒட்டி 30, 60, 90 என்று இருந்தால் அந்த எண்ணே விநாடிக்கு அத்தனை எம்பி. இவை மூன்றும் எழுதும் வேகத்துக்குக் கொடுக்கப்படும் உத்தரவாதம். இவற்றோடு தனியாக ஒரு ரோமன் ஒன்றோ இரண்டோ நிற்கும். அது யுஎச்எஸ் இணைப்பின் வகையைச் சொல்வது, வேக உத்தரவாதம் கிடையாது. யு3 போட்ட கார்டில் ரோமன் ஒன்று இருப்பதைப் பார்த்து ‘இது ஒன்றா, மூன்றா’ என்று பலர் குழம்புவது இங்கேதான். இரண்டும் சரி: இணைப்பு யுஎச்எஸ்-1, உத்தரவாதம் 30 எம்பி.

கார்டின் பின்பக்கம் இன்னும் தெளிவாகப் பேசும். யுஎச்எஸ்-1 கார்டில் தங்க நிறத் தொடுமுனைகள் ஒரே வரிசையாக இருக்கும். யுஎச்எஸ்-2 கார்டில் அதற்குக் கீழே இரண்டாவது வரிசை ஒன்று உண்டு. முகப்பில் என்ன அச்சிட்டிருந்தாலும் இரண்டாம் வரிசை இல்லாத கார்டு யுஎச்எஸ்-2 ஆக முடியாது. கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை இது.

இனி கணக்கு. கேமராக்காரர்கள் மெகாபிட்டில் சொல்கிறார்கள், கார்டுக்காரர்கள் மெகாபைட்டில் சொல்கிறார்கள். இடையில் எட்டால் வகுக்க வேண்டும். சோனி ஏ7 மார்க் 3 கேமராவில் 4கே 100 மெகாபிட் மோடு என்றால் விநாடிக்கு 12.5 எம்பி. சி10 போதாது, யு3 அல்லது வி30 தாராளம். பானாசோனிக் ஜிஎச்5 கேமராவின் 400 மெகாபிட் ஆல்-ஐ மோடு 50 எம்பி கேட்கும். அதற்கு வி60 வேண்டும். சோனி ஏ7எஸ் மார்க் 3 கேமராவில் 4கே 60பி ஆல்-இன்ட்ரா 600 மெகாபிட், அதாவது 75 எம்பி. அங்கே எஸ்டி கார்டு போடுவதானால் வி90தான்.

இந்தக் கணக்கு தெரியாததால் இரண்டு பக்கமும் பணம் வீணாகிறது. சாதாரணக் கல்யாணக் கவரேஜை 100 மெகாபிட்டில் எடுப்பவர், யாரோ சொன்னார் என்று வி90 கார்டில் பணத்தைக் கொட்டுகிறார். அவருடைய வேலைக்கு நல்ல வி30 கார்டுகள் நான்கு வாங்கியிருந்தால் மாற்றி மாற்றிப் போட வசதியாக இருந்திருக்கும். மறுபக்கம், 600 மெகாபிட்டில் எடுத்தால்தான் கலர் கிரேடிங் நன்றாக வரும் என்று மோடை மாற்றுகிறவர் பழைய கார்டையே போடுகிறார். 100 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போகும்; 600 மெகாபிட்டில் 270 ஜிபி. 128 ஜிபி கார்டு அரை மணி நேரம்கூடத் தாங்காது. வேகம் இருந்தாலும் இடம் இருக்காது.

கார்டும் மோடும் பொருந்தினால் மட்டும் போதுமா? ஸ்லாட் என்று ஒன்று இருக்கிறது. இதைத்தான் நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. சோனி ஏ7 மார்க் 3 கேமராவில் இரண்டு ஸ்லாட் உண்டு. முதலாவது யுஎச்எஸ்-2, இரண்டாவது யுஎச்எஸ்-1. யுஎச்எஸ்-2 கார்டை இரண்டாவதில் போட்டால் வேலை செய்யும், ஆனால் மேல் வரிசைத் தொடுமுனைகளை மட்டுமே வைத்து யுஎச்எஸ்-1 வேகத்தில்தான் ஓடும். வி60, வி90 உத்தரவாதங்கள் யுஎச்எஸ்-2 இணைப்பில் செல்லுபடியாகிறவை. பழைய ஸ்லாட்டில் அந்த உத்தரவாதத்தை எதிர்பார்க்க முடியாது. கேனான் 5டி மார்க் 3 இன்னும் நம் ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் எஸ்டி ஸ்லாட்டுக்கு யுஎச்எஸ் வசதியே கிடையாது. எவ்வளவு விலை கொடுத்த எஸ்டி கார்டைப் போட்டாலும் அங்கே மெதுவாகத்தான் எழுதும்; அதே கேமராவின் சிஎஃப் ஸ்லாட் அதைவிட வேகம்.

இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே படத்தை எழுதும்படி வைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அப்படி வைப்பது மிகச் சரியான பழக்கம். திரும்ப நடத்த முடியாத ஒரு நிகழ்ச்சியை ஒரே கார்டை நம்பி எடுக்கக் கூடாது என்பதே இந்த இதழின் கருத்து. ஆனால் அப்போது பஃபர் காலியாவது இரண்டில் மெதுவான கார்டின் வேகத்தில். கெட்டிமேளம் கேட்டதும் விரலை எடுக்காமல் ஷட்டரை அழுத்துகிறோம். ரா ஃபைல் ஒன்று 25 எம்பி என்று வைத்துக்கொண்டால் 60 ஃப்ரேம் 1,500 எம்பி. கார்டு 200 எம்பி வேகத்தில் எழுதினால் ஏழெட்டு விநாடியில் பஃபர் காலி. இரண்டாவது ஸ்லாட்டில் 40 எம்பி எழுதும் பழைய கார்டு கிடந்தால் 37 விநாடிக்கு மேல். தாலி முடிச்சு விழுந்து, அட்சதை பறந்து, பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் கேமராவில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும், ஷட்டர் விழாது. பேக்கப்புக்குத்தானே என்று இரண்டாவது ஸ்லாட்டில் மட்டமான கார்டைப் போடுவது அந்தக் கணத்தை விலையாகக் கேட்கும்.

புதிய கேமராக்களில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது. இதில் ஏ, பி என்ற இரண்டு வகைகள் நம் கைக்கு வருகின்றன. அளவே வேறு, ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் நுழையாது. ஏ வகை சிறியது. சோனி ஏ7எஸ் மார்க் 3 கேமராவின் இரண்டு ஸ்லாட்டும் இதையும் ஏற்கும், எஸ்டியையும் ஏற்கும். ஏ7 மார்க் 4 கேமராவில் முதல் ஸ்லாட் மட்டுமே அப்படி. கேனான் ஆர்5 கேமராவில் ஒரு ஸ்லாட் பி வகை, மற்றது எஸ்டி. பி வகையும் பழைய எக்ஸ்கியூடியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நிக்கான் இசட்6 போன்ற கேமராக்கள் எக்ஸ்கியூடிக்காக வந்து, பிறகு ஃபர்ம்வேர் அப்டேட் மூலம் சிஎஃப்எக்ஸ்பிரஸை ஏற்றுக்கொண்டன. அப்டேட் செய்யாத பழைய பாடியில் கார்டு அழகாக உள்ளே போகும், கேமராவுக்கு அது தெரியாது. கார்டு செத்துவிட்டது என்று கடைக்குத் திருப்பும் முன் ஃபர்ம்வேரைப் பாருங்கள்.

டிரோன்காரர்களுக்கு மைக்ரோ எஸ்டி. 150 மெகாபிட் வரை எடுக்கும் டிரோனுக்கு வி30 போதும். அந்தக் கார்டுகளில் ஏ1, ஏ2 என்று இருப்பது போனில் ஆப் ஓட்டுவதற்கான தரம், வீடியோவுக்கு அதனால் பயனில்லை. டிரோன் இறங்கியதும் அதே மைக்ரோ கார்டை அடாப்டரில் சொருகிக் கேமராவில் போட்டு எடுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அடாப்டர் என்பது கூடுதலாக ஒரு தொடர்புப் புள்ளி. தளர்ந்த அடாப்டரில் கார்டு நடுவில் அறுந்துபோனால் அந்த கிளிப் முழுதாக முடிக்கப்படாமல் நிற்கும்.

கொள்ளளவுப் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி. முன்னதில் ஃபேட்32 அமைப்பு, ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால்தான் நீண்ட கிளிப் துண்டு துண்டாக வருகிறது. பின்னதில் எக்ஸ்ஃபேட். பழைய கம்ப்யூட்டரிலோ பழைய ரீடரிலோ எஸ்டிஎக்ஸ்சி கார்டைப் போட்டால் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று திரையில் கேட்கும். கார்டு கெட்டுவிடவில்லை, அந்த மெஷினுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அசதியில் ஓகே அழுத்தாமல் கார்டை எடுத்து வேறு ரீடரில் போடுங்கள். அப்படியே அழுத்திவிட்டாலும் அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்காமல் ஒதுக்கி வைத்தால், ரெக்கவரி சாஃப்ட்வேரில் மீட்க வாய்ப்பு உண்டு.

ஃபார்மட்டை எப்போதும் அந்தக் கேமராவிலேயே செய்யுங்கள். படங்களை ஒவ்வொன்றாக அழித்து இடம் பண்ணிக்கொண்டே போனால் காலி இடம் சிதறிப்போகும். சிதறிய கார்டில் வேக உத்தரவாதத்தை நம்ப முடியாது.

போலிக் கார்டுகளைப் பற்றி வாசகர்கள் நிறையக் கேட்கிறார்கள். அவற்றின் உள்ளே இருக்கும் கன்ட்ரோலரில் கொள்ளளவை மாற்றி எழுதியிருப்பார்கள். 16 ஜிபி சிப் தன்னை 128 ஜிபி என்று சொல்லும், கேமராவும் நம்பும். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் ரெக்கார்டிங் ஓடுவதுபோலவே காட்டும். எழுதியது எங்கும் நிற்காது. விலையும் பேக்கிங்கும் எப்படி இருந்தாலும், புதுக் கார்டை முதல் வேலைக்கு அனுப்பும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவசக் கருவியால் முழுக்க எழுதி, முழுக்கப் படித்துப் பாருங்கள். நேரம் பிடிக்கும், இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம். போலி மட்டுமின்றி, எழுத எழுதத் தளர்ந்துபோகும் கார்டும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

ரீடரில் மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. யுஎஸ்பி 2.0 ரீடரில் விநாடிக்கு ஏறக்குறைய 35 எம்பிதான் கிடைக்கும், 128 ஜிபி மாற்ற ஒரு மணி நேரம். 250 எம்பி கொடுக்கும் யுஎச்எஸ்-2 கார்டும் ரீடரும் இருந்தால் ஒன்பது நிமிடத்துக்குள் முடியும். ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே கிடைக்கும் சில மணி நேரத்தில் கார்டுகளைக் காலிசெய்து பேக்கப் எடுக்க வேண்டியவருக்கு இது தூக்கத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். முகப்பில் அச்சிட்ட அந்தப் பெரிய எண்ணுக்கு மதிப்பு இருப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. அது நம் தொழில் நடக்கும் விதத்தில் இருக்கிறது. பெரிய கல்யாணத்துக்கு ஸ்டூடியோ நான்கைந்து ஃப்ரீலான்சர்களை அழைக்கிறது. கேமரா அவரவருடையது, கார்டை ஸ்டூடியோ கொடுக்கிறது, இரவு திரும்ப வாங்கிக்கொள்கிறது. டப்பாவில் இருந்து கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் யு1 இருக்கும், வி30 இருக்கும், யாரோ விட்டுப்போன மைக்ரோ அடாப்டரும் இருக்கும். வாங்குகிறவர் தன் கேமராவுக்கு இது போதாது என்று தெரிந்தாலும் முதல் நாள் வேலை என்று பேசாமல் போட்டுக்கொள்கிறார். ரெக்கார்டிங் நின்றால் பழி அவர் தலையில் விழுகிறது. இது நியாயமில்லை. பொருந்தாத கார்டு என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க ஃப்ரீலான்சருக்கு உரிமை இருக்க வேண்டும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு ஸ்டூடியோவுக்கு இருக்க வேண்டும். புக்கிங்கை உறுதிசெய்யும் வாட்ஸ்அப் செய்தியில் தேதி, மண்டபம், நேரத்தோடு கேமரா மாடலையும் எடுக்கப்போகும் மோடையும் கேட்டு எழுதிவிடுங்கள். கார்டு யார் கொண்டுவருவது, அதற்கான தொகை சம்பளத்தில் சேருமா என்பதையும் அதே செய்தியில் பேசி முடித்துவிடுங்கள்.