மட்டாஞ்சேரி மிளகு வணிகம்: கைநழுவிப் போன காப்பு

புதுதில்லி: தொழிலில் நேரக்கூடிய இழப்பை ஈடுகட்டத் தனக்கென ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தானே தொடங்கிக் கொள்ளும் "கேப்டிவ்" காப்பீட்டு முறை உலகின் பெரு நிறுவனங்களிடையே பரவலாக உள்ளது. பெர்முடா, கேமன் தீவுகள், சிங்கப்பூர் போன்ற இடங்களில் இத்தகைய துணை நிறுவனங்கள் பதிவு செய்யப்படுகின்றன. தாய் நிறுவனம் செலுத்தும் பிரீமியத்தைக் கொண்டு சிறு இழப்புகளைத் துணை நிறுவனமே ஏற்கும். பேரிழப்புகளுக்கான பொறுப்பு மறுகாப்பீட்டு நிறுவனங்களுக்கு மாற்றப்படும்.

இந்தியாவிலும் இதற்கு வழிவகுக்கும் யோசனை, நிதி அமைச்சகம் 2024 நவம்பரில் வெளியிட்ட காப்பீட்டுச் சட்டத் திருத்த வரைவில் இடம்பெற்றிருந்தது. ஆனால், இதனால் யாருக்குப் பயன் என்ற கேள்விக்கு விடை தேடினால், கொச்சி மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தாங்களே அமைத்த பாதுகாப்பு

மட்டாஞ்சேரி யூதர் தெருவில் இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கம் 1957-இல் மிளகுக்கான முன்பேர வர்த்தகத்தைத் தொடங்கியது. சர்வதேச ஒப்பந்தங்களும் 1997-இல் அங்கு அறிமுகமாயின.

இதன் பயன் எளிதில் விளங்கக்கூடியதே. மூன்று மாதங்களுக்குப் பிறகு 10 டன் மிளகு அனுப்ப, இன்றைய விலையில் ஒருவர் ஒப்புக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட காலத்தில் கிலோவுக்கு 20 ரூபாய் உயர்ந்தால் அவருக்கு 2 லட்சம் ரூபாய் இழப்பு. அதே அளவு மிளகை முன்பேரச் சந்தையில் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால், அங்கு கிடைக்கும் லாபம் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். பெரு நிறுவனங்கள் மூலதனத்தைக் கொண்டு தேடிக்கொள்ளும் பாதுகாப்பை, சிறு வணிகர்கள் ஒன்றுகூடி ஒரு சந்தையின் மூலம் தேடிக்கொண்டனர்.

மின்னணுச் சந்தைகள் வந்த பிறகு வர்த்தகம் தேசிய அளவிலான என்.சி.டி.இ.எக்ஸ். சந்தைக்கு நகர்ந்தது. 2012 இறுதியில், அச்சந்தையின் அங்கீகாரம் பெற்ற கொச்சிக் கிடங்குகளில் இருந்த மிளகில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாகப் புகார் எழுந்தது. ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை "சீல்" வைத்தது. புதிய ஒப்பந்தங்களும் நிறுத்தப்பட்டன. விலை இடருக்கான காப்பு, தரத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு பலவீனமாக இருந்ததால் தகர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

புதிய இடர்கள்

இதன் பின்னர் இடர்கள் குறையவில்லை, பெருகியே வந்துள்ளன. இலங்கையுடனான தடையற்ற வர்த்தக உடன்பாடு 2000-இல் நடைமுறைக்கு வந்தது. வியத்நாம் மிளகு அவ்வழியே நுழைகிறது என்ற புகார் நெடுங்காலம் நீடித்தது. கிலோ 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலையை மத்திய அரசு 2017 டிசம்பரில் நிர்ணயித்தது.

செங்கடலில் 2023 நவம்பரில் தொடங்கிய தாக்குதல்களால், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானது. மிளகு உள்ளிட்ட சில வேளாண் பொருள்களுக்கு அமெரிக்காவின் பரஸ்பர வரியிலிருந்து நவம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. சரக்கு கடலில் இருக்கும்போதே வரி மாறும் சூழலில் எந்த வணிகத் திட்டமும் நிலைப்பது கடினம்.

ஏற்றுமதியாளர்களுக்குக் கைகொடுக்கும் இ.சி.ஜி.சி. நிறுவனமும் 1957-இல் பிறந்ததே. வாங்குபவர் பணம் தராவிட்டாலும், போர் மூண்டாலும் அது இழப்பீடு வழங்கும். ஆனால் சந்தை விலையின் ஏற்ற இறக்கமும் அந்நியச் செலாவணி மதிப்பின் மாற்றமும் அதன் வரம்புக்குள் வருவதில்லை. தரம் பற்றிய தகராறுகளும் பொதுவாக விலக்கப்பட்டவையே.

100 கோடி தடை

காப்பீட்டு நிறுவனம் தொடங்கச் சட்டப்படி குறைந்தது 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் காப்பீட்டுத் தொழிலில் இறங்கலாம் என்று 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறினாலும், அது அவற்றுக்கும் அதே 100 கோடி நிபந்தனையையே விதித்தது. நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், அந்நிய முதலீட்டு வரம்பை 74-இலிருந்து 100 சதவீதமாக உயர்த்தியது. காப்பீட்டு நிறுவனங்களுக்கான 100 கோடி மூலதன நிபந்தனையைத் தளர்த்தவில்லை. வெளிநாட்டு முதலீட்டாளருக்குக் கதவு முழுமையாகத் திறந்தது. மட்டாஞ்சேரி வணிகருக்கு அது மூடியே இருக்கிறது.

கூட்டாக இடரைச் சுமப்பது புதுமையன்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டிஷ் கப்பல் உரிமையாளர்கள் தொடங்கிய பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கங்கள் இன்றும் நீடிக்கின்றன. உலகக் கடல்வழிக் கப்பல்களின் மொத்த டன் கொள்ளளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தின் பொறுப்பை இத்தகைய 12 சங்கங்கள் ஏற்கின்றன. 2025 மே 25-இல் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா-3 கப்பல் 640 கன்டெய்னர்களுடன் மூழ்கியபோது, கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கோரி வழக்குத் தொடர்ந்தது. இத்தகைய பெரும் பொறுப்புகளைச் சந்திக்கவே அச்சங்கங்கள் உருவாயின.

இந்தியாவிலும் முன்னுதாரணம் உண்டு. நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு பயங்கரவாத இடருக்கு மறுகாப்பீடு கிடைக்காத நிலையில், 2002-இல் காப்பீட்டு நிறுவனங்கள் கூட்டு நிதியம் ஒன்றை அமைத்தன.

மிளகு வணிகருக்கு இன்றுள்ள சிக்கல், அவரது இடர் தலைநகரில் பல அலுவலகங்களில் சிதறிக் கிடப்பதுதான். காப்பீடும் "செபி" கண்காணிக்கும் முன்பேரச் சந்தையும் நிதி அமைச்சகத்தின் பொறுப்பு. இறக்குமதிக் கொள்கையும் நறுமணப் பொருள் வாரியமும் வர்த்தக அமைச்சகத்தைச் சேர்ந்தவை. கிடங்கு ஒழுங்குமுறை உணவு அமைச்சகத்திடம் இருக்கிறது.

வணிகர்கள் சேர்ந்து அமைக்கும் பரஸ்பர நிதியத்துக்குக் குறைந்த மூலதன வரம்பும், கிடங்கில் கட்டாயத் தரச் சோதனையும் ஒரே திட்டமாக வந்தால்தான் பலன் கிட்டும். தரச் சோதனை இல்லாமல் நிதியம் மட்டும் வந்தால், 2012-இன் கதை மீண்டும் நிகழலாம். "கேப்டிவ்" காப்பீடு பற்றி நாடாளுமன்றத்தில் மறுபடியும் விவாதம் எழும்போது, பெரு நிறுவனங்களின் கோரிக்கையோடு இந்தச் சிறு வணிகர்களின் தேவையும் கணக்கில் கொள்ளப்படுமா என்பதே கேள்வி.